ஈறு நோயை அளக்கும் முறை

நெல்லை மரக்காலிட்டு அளக்கிறோம். நிலத்தைச் சங்கிலி போட்டு அளக்கிறோம். பால் சங்கத்தில் ஒவ்வொருவர் கொண்டுவரும் பாலையும் கருவி வைத்துச் சோதித்த பின்னரே கணக்கில் ஏற்றுகிறோம். அளவில் தவறு நேர்ந்தால் நஷ்டம் யாருக்கு என்பதைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வியாதிகளுக்கும் அவ்விதமே அளவைகள் உண்டு. அவற்றுள் ஜனங்கள் அதிகமாகக் கவனியாத ஒன்றாகிய ஈறு நோயை ஒரு கிராமம் முழுவதற்கும் எவ்வாறு அளக்கிறார்கள், அவ்வளவில் எவ்வெவ்விடத்தில் பிழை புகுகிறது என்பதை இங்கே விவரிப்போம்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையிலுள்ள திருவெள்ளறையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அவ்வூரிலோ அண்டைக் கிராமங்களிலோ அறுபது வயது கடந்த ஒருவரிடம் பல் விழுந்த காரணத்தைக் கேட்டால், "வயதாகிவிட்டது" என்றே விடை வரும். தலை நரைப்பது போலப் பல் விழுவதும் இயற்கை என்பது நம்மவர் எண்ணம். இவ்வெண்ணம் தவறு. சொத்தை இல்லாத பல் ஆடி விழுவது பெரும்பாலும் ஈறு நோயினால்தான். முன்னாளில் பயோரியா என்று விளம்பரங்களில் கண்ட வியாதியும் இதுவே. சொத்தைப் பல் இரவில் தூங்கவொட்டாமல் குத்தி, வைத்தியரிடம் நம்மை இழுத்துச் செல்லும். ஈறு நோயோ பல வருஷங்கள் வலியின்றி உள்ளே வேலை செய்யும். பல் ஆடத் தொடங்கும்போது அதைத் தாங்கும் எலும்பில் பெரும் பகுதி கரைந்து போயிருக்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளர்வதில்லை. வலி காட்டிக்கொடாத வியாதியாதலால், அளந்து பார்த்தாலன்றி அது ஊரில் எவ்வளவு பரவியுள்ளது என்று அறிய இயலாது.

நோயின் போக்கு

பல்லும் ஈறும் சேருமிடத்தில் நாள்தோறும் மெல்லிய, பிசுபிசுப்பான அழுக்குப் படலம் ஒன்று படிகிறது. கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் நிறைந்தது அது. அதனை அகற்றாவிட்டால் ஈறு சிவந்து வீங்கி, தொட்ட மாத்திரத்தில் இரத்தம் கசியும். 1965-ஆம் ஆண்டில் ஹரால்டு லோ என்னும் நார்வே நாட்டு அறிஞரும் அவருடைய துணைவர்களும் டென்மார்க் தேசத்து ஆர்ஹுஸ் நகரில் இதனை நேராகவே பரீக்ஷித்துக் காட்டினார்கள். ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேர் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினர். 10 நாள் முதல் 21 நாளுக்குள் ஒவ்வொருவருக்கும் ஈறு வீக்கம் கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைமைக்கு வந்தது. ஆகவே முதற் கட்டம் முற்றிலும் திரும்பக்கூடியது என்பது ருசுவாயிற்று.

அழுக்குப் படலம் நாளடைவில் உமிழ்நீரிலுள்ள சுண்ணத்தோடு சேர்ந்து இறுகிக் காரையாகிறது. காரை பிடித்தபின் வேப்பங்குச்சியோ பிரஷோ அதனைப் பெயர்க்க மாட்டா. வைத்தியர் கருவி கொண்டுதான் எடுக்க வேண்டும். சிலருக்கு வீக்கம் அவ்வளவோடு நில்லாமல் ஆழத்தில் இறங்கி, பல்லையும் எலும்பையும் பிணைக்கும் நார்களை அறுக்கிறது. பல்லுக்கும் ஈற்றுக்கும் நடுவே பள்ளம் உண்டாகிறது. இதுவே திரும்பி வாராத கட்டம். காரையைச் சுரண்டினால் பல் ஆடிப்போகும் என்று நம் கிராமாந்தரங்களில் ஒரு பேச்சு உண்டு. பல்லை ஏற்கெனவே ஆட்டிவைத்தது நோய்தான். இற்றுப்போன சுவரை வெளிப்பூச்சு சிறிது காலம் நிமிர்த்தி வைத்திருப்பதைப்போல, ஆடும் பற்களைக் காரை ஒன்றோடொன்று ஒட்டிவைத்து உண்மையை மறைத்திருந்தது. இந்தப் பேச்சினால் எத்தனை பேர் காலத்தில் வைத்தியம் செய்துகொள்ளாமல் பல்லை இழந்திருப்பார்களோ!

கண்ணால் பார்த்து மதிப்பிட்ட காலம்

ஆதியில் ஈறு நோயைப்பற்றிய கணக்கெடுப்புகள் கண் மதிப்பாகவே நடந்தன. ஒரு வைத்தியருக்கு இலேசாகத் தோன்றிய நோய் மற்றொருவருக்குக் கடுமையாகத் தோன்றும். ஆதலால் இரண்டு ஊர்களின் கணக்கை ஒப்பிட இயலவில்லை. நமது தேசத்தில் மார்ஷல் டே, ஷௌரி என்னும் இரு ஆராய்ச்சியாளர் எக்ஸ்ரே படங்களைக்கொண்டு எலும்புத் தேய்வைக் கணக்கெடுத்து 1949-இல் முடிவுகளை வெளியிட்டனர். படம் பொய் சொல்லாது என்பது மெய்யே. எனினும் அந்த யந்திரத்தை ஊர் ஊராகத் தூக்கிச் செல்வது எளிதன்று.

1956-இல் அமெரிக்கச் சர்க்காரின் சுகாதார இலாகாவைச் சேர்ந்த ரஸ்ஸல் என்பவர் ஒவ்வொரு பல்லுக்கும் மதிப்பெண் இடும் முறையொன்றை வகுத்தார். ஈறு நன்றாயிருந்தால் 0. வீக்கம் பல்லைச் சுற்றி முழுவதும் படராமலிருந்தால் 1. முழுவதும் சுற்றியிருந்தால் 2. பள்ளம் விழுந்திருந்தால் 6. பல் ஆடி மெல்லுவதற்கு உதவாத நிலைமையாயின் 8. எக்ஸ்ரே படமும் கிடைத்து, எலும்பின் விளிம்பில் தேய்வின் ஆரம்பம் தெரிந்தால் மட்டும் 4 இடுவார்கள். இரண்டிலிருந்து ஆறுக்குத் தாவியதில் ஒரு நியாயம் உண்டு. இரண்டு வரையில் நோய் மீளக்கூடியது. ஆறில் எலும்பு போய்விட்டது. எல்லாப் பற்களின் மதிப்பெண்களையும் கூட்டிப் பற்களின் தொகையால் வகுத்தால் அந்த மனிதனுடைய எண் கிடைக்கும். ஊராரின் எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் ஊரின் எண் கிடைக்கும். இம்முறை பல தேசங்களில் வெகு காலம் கையாளப்பட்டது.

இதிலுள்ள குறையை நம் அங்கத்தினர்கள் உடனே கண்டுகொள்வார்கள். பால் சங்கத்தில் ஊரார் பால் முழுவதையும் ஒரே கேனில் ஊற்றிவிட்டுச் சோதித்தால் என்ன நேரும்? தண்ணீர் கலந்தவனும் கலவாதவனும் ஒன்றாகிவிடுவார்கள். இருவருக்கு 28 பற்கள் வீதம் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு எல்லாப் பற்களிலும் இலேசான வீக்கம். பல்லுக்கு 1 வீதம் மொத்தம் 28. இரண்டாமவருக்கு 20 பற்கள் சுத்தமாக உள்ளன. 4 பற்களில் இலேசான வீக்கம். 4 பற்களில் ஆழமான பள்ளம். ஆகக் கூடியது 4-உம் 24-உம் சேர்ந்து அதே 28. இருவருடைய சராசரியும் 1 தான். முதலாமவர் நன்றாகத் துலக்கினாலே சுகமடைவார். இரண்டாமவர் வைத்தியம் செய்துகொள்ளாவிடில் நான்கு பற்களை இழக்கும் நிலையில் இருக்கிறார். சராசரி எண் இந்த வேற்றுமையை விழுங்கிவிட்டது.

சலாகையும் அதன் கறுப்புப் பட்டையும்

பின்வந்தவர்கள் பள்ளத்தின் ஆழத்தையே மில்லிமீட்டர் கணக்கில் அளக்கத் தலைப்பட்டனர். ராம்ஃபியோர்ட் என்பவர் வாயில் ஆறு பற்களை மாத்திரம் தெரிந்தெடுத்து அளக்கும் முறையை 1959-இல் வெளியிட்டார். பம்பாய் நகரில் 11 முதல் 17 வயதுச் சிறுவர்களின் ஈறுகளைப்பற்றிய அவருடைய ஆராய்ச்சி 1961-இல் வெளிவந்தது. 1982-இல் ஃபின்லாந்து தேசத்து ஐனாமோவும் அவருடைய துணைவர்களும் உலக சுகாதார ஸ்தாபனத்திற்காக மற்றொரு முறையை வகுத்து வெளியிட்டனர். நம் நாட்டுக் கணக்கெடுப்புகளில் பெரிதும் கையாளப்பட்டது இதுவேயாதலால் சற்று விரிவாகச் சொல்லுவோம்.

இதற்கென்று ஒரு மெல்லிய உலோகச் சலாகை உண்டு. அதன் முனையில் அரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறு உருண்டை இருக்கும். ஈற்றைக் குத்தாதிருக்கவும், மறைந்திருக்கும் காரையைத் தடவி உணரவும் அது பயன்படும். முனையிலிருந்து மூன்றரை மில்லிமீட்டர் தொடங்கி ஐந்தரை மில்லிமீட்டர் வரையில் கறுப்புப் பட்டை தீட்டியிருக்கும். சலாகையைப் பல்லை ஒட்டி ஈற்றுக்குள் மெதுவாக இறக்குவார்கள். பட்டை முழுவதும் வெளியே தெரிந்து, இரத்தமும் காரையும் இல்லாவிட்டால் 0. இரத்தம் கசிந்தால் 1. காரை தட்டுப்பட்டால் 2. பட்டையில் ஒரு பகுதி ஈற்றுக்குள் மறைந்தால் 4 அல்லது 5 மில்லிமீட்டர் பள்ளம் என்று 3. பட்டை முழுவதும் மறைந்துபோனால் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ என்று 4. எழுத்தறியாதவரும் பட்டையைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்பது இதன் சிறப்பு. அழுத்தும் பளு 20 கிராமுக்கு மேற்படலாகாது. அந்தப் பளுவைக் கை பழகிக்கொள்வதற்கு ஓர் உபாயம் சொல்லியிருக்கிறார்கள்: சலாகையின் முனையைக் கட்டைவிரல் நகத்தின் அடியில் வைத்து, அவ்விடம் வெளுக்கும் வரையில் அழுத்திப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் அழுத்தினால் நோயில்லாத ஈற்றிலும் இரத்தம் வரும்; பள்ளமில்லாத இடத்திலும் பள்ளம் பதிவாகும்.

வாயை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் கண்ட மிக மோசமான எண்ணை மாத்திரம் எழுதுவார்கள். இருபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பத்துப் பற்களைப் பார்த்தால் போதும் என்பது விதி. இம்முறை சிகிச்சைக்குத் திட்டம் போடவே ஏற்பட்டது. 1 என்றால் துலக்கும் விதத்தைக் கற்பித்தால் போதும். 2-உம் 3-உம் என்றால் காரை எடுக்க ஆள் வேண்டும். 4 என்றால் தேர்ந்த வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். ஒரு ஜில்லாவுக்கு எத்தனை பேர் தேவை என்று சர்க்கார் கணக்கிட இது வசதியாயிருந்தது.

பத்துப் பற்களை மாத்திரம் பார்ப்பதால் நேரம் மிச்சம். ஆனால் மற்றப் பற்களில் உள்ளது தெரியாமற் போகும். திருவெள்ளறைக் கோயிலின் அருகில், தந்திவர்ம பல்லவன் காலத்தில் வெட்டிய மாற்பிடுகு பெருங்கிணற்றை அங்கத்தினர்களிற் பலர் பார்த்திருக்கலாம். சுவஸ்திக வடிவமாக அமைந்த அதன் நான்கு படிவரிசைகளும் மடங்கி இறங்குவதால், ஒரு துறையில் நீராடுபவர் மற்றத் துறையில் இருப்பவரைக் காணமுடியாது. ஒரு படிவரிசையில் மாத்திரம் இறங்கிப் பார்த்துவிட்டு, கிணற்றில் ஆள் இல்லை என்று ஒருவர் சொன்னால் அதனை நம்பலாமா? பல்லின் விஷயமும் அப்படியே. முன்புறம் நன்றாயிருக்கும் பல்லுக்குப் பின்புறம் பள்ளம் இருக்கலாம். அமெரிக்காவில் 2009–10-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஞானப் பல் ஒழிய மற்ற எல்லாப் பற்களையும், பல்லொன்றுக்கு ஆறு இடங்களில் அளந்தார்கள். முப்பது வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 47.2 சதவிகிதத்தினருக்குத் திரும்பி வாராத கட்டத்து நோய் இருப்பதாகத் தெரிந்தது. அதற்கு முன் அத்தேசத்தில் வாயின் ஒரு பகுதியை மாத்திரம் அளந்து போட்ட கணக்குகள் நோயை வெகுவாகக் குறைத்துக் காட்டியிருந்தன என்பது அப்பொழுதுதான் வெளிப்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனமும் 2013-இல் தன் விதிகளை மாற்றிற்று: எல்லாப் பற்களையும் பார்க்க வேண்டும், இரத்தக் கசிவை வேறாகவும் பள்ளத்தை வேறாகவும் குறிக்க வேண்டும் என்று விதித்தது.

மற்றொரு நுட்பமும் உண்டு. கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் நிற்கிறது என்பது ஒரு கேள்வி. கைப்பிடிச் சுவரிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு தாழ்ந்துவிட்டது என்பது வேறொரு கேள்வி. ஈறே கீழிறங்கிப் பல்லின் வேர் வெளியே தெரியும் முதியவருக்குப் பள்ளம் இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். சலாகை 0 என்று சொல்லிவிடும். ஆனால் பல் தன் பிடிப்பில் ஐந்தாறு மில்லிமீட்டர் இழந்திருக்கும். இதனால், பல்லின் வெள்ளைச் சிப்பி முடிந்து வேர் ஆரம்பிக்கும் மாறாத கோட்டிலிருந்து அளந்து, பிடிப்பு எவ்வளவு நழுவியது என்று குறிப்பதே முதிர்ந்தவர்களின் விஷயத்தில் உண்மையான அளவாகும். 1997-ஆம் ஆண்டு முதல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் முறையில் இவ்வளவும் சேர்க்கப்பட்டது.

தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள்

பிடிப்பு நழுவுவதை வருஷக்கணக்கில் அளந்து, உலகத்தார் யாவரும் இன்றளவும் மேற்கோள் காட்டும் ஆராய்ச்சி நம்மவர்களின் வாயில் நடந்ததென்பதை இங்கே பலர் அறியார்கள். இலங்கைத் தோட்ட முதலாளிகள் கூலிகளைச் சேர்ப்பதற்காக ஏற்படுத்திய இலங்கைத் தொழிலாளர் கமிஷனின் தலைமைக் காரியாலயம் 1904-இல் திருச்சிராப்பள்ளியிலேயே அமைந்தது. திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் கங்காணிகளின் பின்னே கடல் கடந்து சென்றன. அப்படிச் சென்றவர்களின் வழிவந்த தமிழ்த் தொழிலாளிகளே இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 1970-ஆம் ஆண்டு முதல் பரீக்ஷிக்கப்பட்டவர்கள். ஆர்ஹுஸ் பரீக்ஷையை நடத்திய அதே லோ அவர்களே இதற்கும் தலைவர். ஆண்கள் 480 பேர். வயது 14 முதல் 31 வரை. பல் நோய்த் தடுப்போ சிகிச்சையோ அவர்களுக்குக் கிட்டியதில்லை, பிரஷைக் கண்டதில்லை. எல்லோருடைய பற்களிலும் அழுக்கும் காரையும் ஏராளம். எல்லோருக்கும் ஈறு வீக்கம். ஆனால் சொத்தை அநேகமாக யாருக்கும் இல்லை. ஆதலால் அவர்கள் இழந்த பல் ஒவ்வொன்றும் ஈறு நோயினால் விழுந்ததென்று துணிந்து சொல்லக்கூடியதாயிருந்தது.

அதே காலத்தில், 1969 முதல், ஆஸ்லோ நகரத்து மாணவர்களும் படித்தவர்களுமான 565 ஆண்களை ஒப்பீட்டுக்காக அளந்துவந்தார்கள். நாற்பது வயதை நெருங்கும்போது ஆஸ்லோக்காரர்கள் சராசரி ஒன்றரை மில்லிமீட்டர் பிடிப்பை இழந்திருந்தார்கள். தோட்டத் தொழிலாளிகள் சராசரி நான்கரை மில்லிமீட்டர் இழந்திருந்தார்கள்.

சராசரியோடு நின்றிருந்தால் பால் கேன் கதைதான். பதினைந்து வருஷம் ஒவ்வொருவரையும் தனித்தனியே பின்தொடர்ந்தபடியால், 1986-இல் வெளியிட்ட முடிவுகளில் மூன்று வகுப்பினர் புலப்பட்டார்கள். ஏறக்குறைய 8 சதவிகிதத்தினருக்கு நோய் காட்டுத்தீயாய்ப் பரவிற்று: இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, 35 வயதில் 12 பற்களும், 40-இல் 20 பற்களும் போய், 45 வயதில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. 81 சதவிகிதத்தினருக்கு நோய் நிதானமாக நடந்தது. முப்பதுக்கு மேல் பல் விழத் தொடங்கி, 45 வயதில் சராசரி 7 பற்களை இழந்தார்கள். மிகுதி 11 சதவிகிதத்தினர் அதே அழுக்கும் அதே வீக்கமும் உடையவர்களாயிருந்தும், நோய் ஆழத்தில் இறங்காமல், அநேகமாகப் பல் ஒன்றையும் இழக்கவில்லை. துலக்காதவர்கள் எல்லோருக்கும் ஒரே கதி நேரிடுவதில்லை என்பதும், ஆனால் பத்தில் ஒன்பது பேருக்குக் கேடு உண்டென்பதும் இதனால் விளங்கும். 2010-ஆம் ஆண்டில் அந்தத் தொழிலாளிகளில் எஞ்சிய 75 பேரை மீண்டும் பரீக்ஷித்தார்கள். முப்பது வயதில் சராசரி இழப்பு 1.81 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தவர்களே அறுபது வயதில் 20 பற்களாவது உடையவர்களாயிருக்கக் கூடியவர்கள் என்று கண்டார்கள். முப்பது வயதில் ஒரு முறை சரியாக அளந்தால் அறுபது வயதில் முறுக்குத் தின்னலாமா என்று ஊகிக்கலாம்!

480 பேரில் 1985-ஆம் ஆண்டுப் பரீக்ஷைக்கு வந்தவர்கள் 161 பேரே. 1964-இல் இரு சர்க்கார்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அந்த வருஷங்களில் தோட்டக் குடும்பங்கள் பல்லாயிரம் தமிழ்நாட்டுக்குத் திரும்பிவந்ததையும் நினைவில் வைக்க வேண்டும். நீண்ட காலக் கணக்கெடுப்பு எதனைப் படித்தாலும், விட்டுப்போனவர்கள் யார், ஏன் போனார்கள் என்று கேட்பது நலம். மற்றொன்றும் சொல்லாமல் இருக்க மனமில்லை. வைத்திய உதவி எட்டாத ஏழைத் தொழிலாளிகளின் பல் ஒவ்வொன்றாய் விழுந்ததைக் கணக்கெடுத்தே உலகம் இந்த ஞானத்தைப் பெற்றது. அந்த ஞானம் அவர்களுடைய பூர்வீகக் கிராமங்களை இன்னும் முற்றும் வந்தடையவில்லை என்பது வருந்தத்தக்கது.

இலங்கை முழுவதற்குமான மற்றொரு ஆராய்ச்சியை வேர்ஹௌக் என்னும் நார்வே வைத்தியர் 1967-இல் வெளியிட்டார். ஜாதி, ஆகாரம், வெற்றிலை, புகையிலை யாவற்றையும் ஆராய்ந்தவர், வயதும் வாய்ச் சுத்தமுமே நோயின் மிகுதி குறைவைப் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன என்று முடிவு கூறினார்.

தள்ளுபடியான பாக்கி

நாணய சங்கத்தின் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தவணை தவறிய பாக்கி இவ்வளவு சதவிகிதம் என்று வருஷ அறிக்கையில் காட்டுகிறோம். வசூலாகாத கடன்களைத் தள்ளுபடி செய்து பேரேட்டிலிருந்து நீக்கிவிட்டால், அடுத்த அறிக்கையில் பாக்கி குறைந்தாற்போல் தோன்றும். பணம் வந்ததா? வரவில்லை, கணக்கு மறைந்தது. ஈறு நோய்க் கணக்கிலும் இதே மயக்கம் உண்டு. பல் இருந்தால்தான் சலாகையை இறக்கலாம். வாயின் ஆறு பகுதிகளில் ஒன்றில் இரண்டு பற்களேனும் எஞ்சியிராவிட்டால் அப்பகுதி கணக்கில் சேராது. பல் முழுவதும் போனவருக்கு எண்ணே இல்லை. எல்லோரிலும் மிகுதியாக நோய்வாய்ப்பட்டவரே கணக்கிலிருந்து தப்பிவிடுகிறார்.

இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002–03-ஆம் ஆண்டில் தேச முழுவதும் நடத்திய கணக்கெடுப்பில், ஏதேனும் ஓர் அளவில் ஈறு நோய் உள்ளவர்கள் 12 வயதில் 57 சதவிகிதம்; 15 வயதில் 67.7, 35 முதல் 44 வயதுவரை 89.6, 65 முதல் 74 வயதுவரை 79.9 என்று கண்டது. கடைசி இரண்டு எண்களையும் உற்று நோக்குங்கள். முதுமையில் பத்து சதவிகிதம் குறைந்திருக்கிறது. ஈறு நோய் வயதானால் தானே குணமாகும் வியாதியன்று. எனவே விழுந்துபோன பற்களின் தொகையையும் அருகே வைத்துப் படித்தாலன்றி இவ்வெண்ணுக்கு அர்த்தமில்லை. 89.6 என்ற எண்ணைக் கண்டு திடுக்கிடவும் வேண்டாம். இலேசான கசிவு முதல் ஆழ்ந்த பள்ளம் வரையில் எல்லாம் அதில் அடக்கம். உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தபோது, 2010-ஆம் ஆண்டில் கடுமையான ஈறு நோய் உள்ளவர்கள் சுமார் 11 சதவிகிதம், அதாவது 74 கோடிப் பேர் என்று மதிப்பிட்டார்கள். நோயுள்ளவர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு முன்னால், நோய் என்று எதைக் கொண்டீர்கள் என்ற கேள்வி வர வேண்டும்.

கிராமத்தில் கணக்கெடுக்க வரும்போது

பல் மருத்துவக் கல்லூரியிலிருந்தோ சுகாதார இலாகாவிலிருந்தோ கணக்கெடுப்போர் வந்தால், சங்கம் செய்யத்தக்க உதவி பெரிது. முதலாவது, தண்டோராப் போட்டுக் கூட்டிய முகாம் வேறு, கணக்கெடுப்பு வேறு என்பதை உணர வேண்டும். முகாமுக்கு வருபவர் பெரும்பாலும் வலியுள்ளவர். வயலில் நாற்று நடும் பெண்களும், படுக்கையில் கிடக்கும் முதியவரும், பல் போனபின் இனி என்ன என்று இருப்பவரும் வருவதில்லை. ஆகவே வீட்டு ஜாபிதாவையோ வாக்காளர் ஜாபிதாவையோ வைத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பெயர்களை எடுத்து, அவர்களைத் தேடிப் பரீக்ஷிக்க வேண்டும். ஊர்த் தெருக்கள், காலனி, தோப்புக் குடிசைகள் ஒன்றும் விடுபடாதபடி ஜாபிதாவைச் சரிபார்த்துக் கொடுப்பது சங்கக் காரியதரிசிக்கு எளிது. பெயர் எடுக்கப்பட்டவர் வரவில்லையென்றால் அவருக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டாரை உட்கார வைத்துவிடலாகாது.

இரண்டாவது, பரீக்ஷிப்பவர் பலராயின், அவர்கள் யாவரும் ஒரே ஆட்களை முதலில் அளந்து பார்த்து ஒத்துவருகிறதா என்று சோதித்துக்கொண்டார்களா என விசாரிக்கலாம். ஒருவரே பரீக்ஷித்தாலும் சிலரை மறுமுறை அளந்து தம் கை மாறவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கணக்கெடுப்பில் இது நம் சங்கத் தணிக்கையைப் போன்றது. இதைக் கேட்பது அவமரியாதை ஆகாது. சலாகையும் கண்ணாடியும் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாக, கிருமி நீக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். கையுறை மாற்ற வேண்டும். இதில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது.

மூன்றாவது, அங்கத்தினர்கள் உண்மையை மறைக்காமலிருக்க வேண்டும். பீடி, சுருட்டுப் பிடிப்பவர்களின் ஈற்றில் இரத்தக் கசிவு குறைவாகவே தோன்றும். உள்ளே எலும்பு அதிகமாகத் தேய்ந்திருக்கும். புகையிலைப் பழக்கத்தைச் சொல்லாவிட்டால் பரீக்ஷிப்பவர் ஏமாந்துபோவார். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் கடுமையாகிறது. ஈறு நோய் மிகுந்தால் இரத்தத்தில் சர்க்கரையை அடக்குவதும் கஷ்டமாகிறது. ஆதலால் அதனையும் கூறிவிடுவது நலம். அன்று காலையில் மாத்திரம் அழுத்தித் துலக்கிவிட்டு வருவதால் வைத்தியரை மகிழ்விக்கலாமே தவிர, காரையையும் பள்ளத்தையும் மறைக்க முடியாது. செங்கற்பொடியும் அடுப்புக்கரியும் கொண்டு தேய்ப்பது பல்லைத்தான் அரைக்கும். வேப்பங்குச்சியானாலும் பிரஷானாலும், ஈறும் பல்லும் சேருமிடத்தையும், பல்லின் உட்புறத்தையும், இடுக்குகளையும் எட்டுகிறதா என்பதே விஷயம்.

முடிவுகள் வந்தபின் அவற்றைப் பொதுக்குழுவில் படிக்கச் செய்யலாம். சராசரி எண்ணை மாத்திரம் சொன்னால் போதாது என்று கேட்க வேண்டும்: ஆழ்ந்த பள்ளம் உள்ளவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்த வயதினர், ஒரு பல்லும் இல்லாதவர் எத்தனை பேர், ஜாபிதாவில் பெயர் இருந்தும் பரீக்ஷைக்கு வாராதவர் எத்தனை பேர். முப்பது வயதுக்குள் பள்ளம் கண்டவர்களைத் தனியே அழைத்துக் காதோடு சொல்லி, திருச்சிராப்பள்ளிக்கு வைத்தியத்திற்கு அனுப்பும் பொறுப்பை நிர்வாகக் குழு ஏற்கலாம். தோட்டத் தொழிலாளிகளில் அந்த எட்டு சதவிகிதத்தினரைப் போன்றவர்கள் நம் ஊரிலும் இருந்தால், அவர்கள் இருப்பது இவர்களுக்குள்ளேதான். கணக்கெடுத்த தேதி, எந்த முறைப்படி அளந்தார்கள், முழு வாயா பத்துப் பற்களா, எத்தனை பேர் பரீக்ஷித்தார்கள் என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதி வாங்கிச் சங்கத்தின் பீரோவில் வைத்திருந்தால், பத்து வருஷம் கழித்து மறுபடியும் வருகிறவர்கள் அதே முறையில் அளந்து ஒப்பிடக் கூடும்.